ஓடாத படங்களின் பாட்டுகள்

தமிழ்த் திரையிசையின் பொற்காலம் எது என்னும் வழக்கு கல்யாண வீட்டுத் திண்ணைகளிலும் இரவுப் பேருந்துகளிலும் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. தீர்ப்பு வந்தபாடில்லை; வாதங்கள் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். அறுபதுகளின் கட்சிக்காரர் கண்ணதாசனை முதல் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுவார். எண்பதுகளின் கட்சிக்காரர் 'ராஜா' என்ற ஒற்றைப் பெயரோடு வழக்கை முடித்துவிடப் பார்ப்பார். தொண்ணூறுகளின் கட்சிக்காரர் 1992 ஆகஸ்ட் 15 என்று தேதியோடு வந்து நிற்பார். 'ரோஜா' வெளியான அந்த நாளுக்கு வேறொரு முக்கியத்துவமும் உண்டு என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். அதற்குப் பிந்தைய காலத்துக் கட்சிக்காரர்கள் காதில் இயர்போனோடு இருப்பதால் வழக்கு நடப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் தம் காலத்தின் ஆகச்சிறந்த பத்துப் பாட்டுகளை அடுக்குவார்கள். எல்லாப் பட்டியலும் அருமையாகவே இருக்கும். வழக்கு அங்கேயே நின்றுவிடும்.

அது அங்கே நிற்பதற்குக் காரணம் அளவுகோல்தான் என்பது என் எண்ணம். மேதைகள் எந்தக் காலத்திலும் தோன்றலாம். அவர்கள் உச்சத்தில் இருந்தபோது செய்த பத்துப் பாட்டுகள் அவர்களைப் பற்றிச் சொல்லுமே தவிர, அவர்கள் வாழ்ந்த காலத்தின் இசையைப் பற்றி அதிகம் சொல்லாது. ஒரு காலத்தின் தரத்தை அறிய வேண்டுமானால் அதன் அடிமட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒரு வாரத்தில் பெட்டி திரும்பிய படத்தில், கதாநாயகன் யார் என்பதே ஊருக்கு மறந்துபோன படத்தில், பாட்டு எப்படி இருந்தது? வெற்றிப் படத்தின் பாட்டை நடிகரின் புகழும் திரையரங்கின் கூட்டமும் சேர்ந்து தூக்கி நிறுத்தும். ஓடாத படத்தின் பாட்டுக்கு அந்தத் துணை எதுவும் இல்லை. அது தன் காலிலேயே நின்றாக வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துத்தான் இந்தக் கட்டுரையில் வாதாடப்போகிறேன். அதற்கு முன் நீதிபதியின் வயதைச் சொல்லிவிடுவது முறை. 'ரோஜா' வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. பதின்ம வயதில் காதில் விழுந்த பாட்டுதான் ஆயுளுக்கும் இனிக்கும் என்பதை மனநூலாரும் ஒப்புக்கொள்கிறார்கள்; எல்லாரும் தத்தம் பதினாறு வயதுக்குத்தான் வாக்களிக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி என் வாக்கு தொண்ணூறுகளுக்குப் போக வேண்டும். கல்லூரி விடுதியில் ரகுமான் கட்சிக்காக நான் தொண்டை வறளக் கத்தியதும் உண்டு. ஆனால் ஓடாத படங்கள் என்னும் அளவுகோல் என்னை வேறு பக்கம் இழுத்துச் செல்கிறது.

முதலில் பத்தாண்டு என்ற கணக்கையே கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். நாட்காட்டியில் எழுபதுகள் என்று ஒரு பத்தாண்டு உண்டு; தமிழ்த் திரையிசையில் அப்படி ஒன்று இல்லை. 1976 மே மாதம் இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' வெளிவரும்வரை ஒரு காலம். அதற்குப் பிறகு இன்னொரு காலம். முன்பாதியில் எம்.எஸ். விஸ்வநாதனும் வி. குமாரும் நல்ல பாட்டுகளைத் தந்துகொண்டிருந்தபோதே, தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் 'ஆராதனா', 'பாபி' படங்களின் இந்திப் பாட்டுகள் பொருள் தெரியாமலே முணுமுணுக்கப்பட்டன. பின்பாதியில் அந்த முணுமுணுப்பு ஏறத்தாழ நின்றுபோயிற்று. ஆனாலும் இந்தக் கோடு அவ்வளவு நேரானது அல்ல. 1979-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டால், விஸ்வநாதனின் 'நினைத்தாலே இனிக்கும்' ஒரு பக்கம், இளையராஜாவின் 'உதிரிப்பூக்கள்' மறுபக்கம். முன்னதில் மேடைக் குழுவின் துள்ளல். பின்னதில் பின்னணி இசையே படத்தின் பாதி வசனத்தைப் பேசிவிடும் அடக்கம். இரண்டையும் 'எழுபதுகள்' என்ற ஒரே சாக்கில் கட்டினால் சாக்குதான் கிழியும். ஆகவே பத்தாண்டு என்றால் தொடர்ந்து வரும் எந்தப் பத்து ஆண்டுகளும் ஆகலாம் என்ற விதியை வைத்துக்கொள்கிறேன். இந்தச் சலுகை எதிர்க்கட்சிக்கும் உண்டு. அதை அவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பிறகு பார்ப்போம்.

முப்பதுகளையும் நாற்பதுகளையும் இந்தப் போட்டியில் சேர்ப்பது நியாயமாகாது. 1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்றால், அதற்குத் தியாகராஜ பாகவதரின் குரலும் பாபநாசம் சிவனின் சாகித்தியமுமே முதல் காரணங்கள். ஆனால் அது கச்சேரி மேடை திரைக்குள் வந்து உட்கார்ந்திருந்த காலம். ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம் மட்டுமே பிடிக்கும் 78 சுற்று இசைத்தட்டுக்குள் பல்லவியையும் சரணத்தையும் அடக்கக் கற்றுக்கொண்டு, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வாத்தியங்களுக்கென்று ஓரிடம் ஒதுக்கிய பிறகே, இன்று நாம் சினிமாப் பாட்டு என்று சொல்லும் வடிவம் முழுமையாகக் கிடைத்தது. அந்த வடிவம் ஐம்பதுகளில் கைகூடியது என்பதால் போட்டியை அங்கிருந்து தொடங்குகிறேன்.

பழைய காலத்துக்கு ஒரு மறைமுகமான அனுகூலம் இருப்பதையும் கவனிக்க வேண்டும். இரவில் தொலைக்காட்சியில் வரும் 'தேன்கிண்ண' வகை நிகழ்ச்சிகளில் அறுபதுகளின் பாட்டுகளைக் கேட்கிறோம். ஒன்றுகூடச் சோடை போவதில்லை. அறுபது ஆண்டுகள் சலித்தெடுத்த பிறகு எஞ்சியவை அவை. தேறாதவற்றை ஒலிபரப்ப யாருக்கும் தோன்றவில்லை. அவற்றில் பலவற்றின் இசைத்தட்டுகூட இன்று கிடைப்பதில்லை. இன்றைய பாட்டுகளோ, வெளியான வெள்ளிக்கிழமையே நல்லதும் கெட்டதுமாக முழு மூட்டையும் நம் கைப்பேசியில் வந்து விழுகின்றன. சலித்த அரிசியையும் சலிக்காத அரிசியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கல் எதில் அதிகம் என்று கேட்பது நியாயமான கேள்வி அல்ல. தோல்விப் படங்கள் என்னும் அளவுகோலில் இந்தக் கோளாறு முற்றிலும் நீங்காவிட்டாலும் குறைகிறது.

1982-இல் ஸ்ரீதர் இயக்கி வெளிவந்த 'நினைவெல்லாம் நித்யா' ஓடவில்லை. அதன் கதையை இன்று கேட்டால் அந்தக் காலத்து ரசிகர்களிலேயே பலர் விழிப்பார்கள். ஆனால் அதன் பாட்டுகளைத் தெரியாத தமிழர் குறைவு. இளையராஜாவின் இசை, வைரமுத்துவின் வரிகள், எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரல். அதில் 'பனிவிழும் மலர்வனம்' என்று தொடங்கும் பாட்டு சலநாட்டை ராகத்தில் அமைந்தது. கர்நாடக இசையின் 72 தாய் ராகங்களான மேளகர்த்தா வரிசையில் 36-ஆவது ராகம் அது. அதாவது முதல் பாதியான சுத்த மத்திம ராகங்களின் கடைசி. ஒன்றோடொன்று ஒட்டாத சுரங்கள் அடுத்தடுத்து வரும் விவாதி ராகம் என்பதால் கச்சேரிகளில் வித்வான்களே கொஞ்சம் யோசித்துத்தான் எடுப்பார்கள். ரிஷபமும் காந்தாரமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். மேலே தைவதமும் நிஷாதமும் அதே போல. அந்த உரசலால் சபைகளில் சற்றுக் கடுமையாக ஒலிக்கக்கூடிய அந்த ராகத்தை, கிதாரும் வயலின் கூட்டமும் கூட வர, பூந்தோட்டத்தில் ஓடும் காதலர்களுக்கான பாட்டாக்கினார் இளையராஜா. ராகத்தின் பெயரைக் கேள்விப்பட்டிராத லட்சக்கணக்கானவர்கள் அதைச் சுதி பிசகாமல் முணுமுணுத்தார்கள், இன்றும் முணுமுணுக்கிறார்கள். இது ஒரு தோல்விப் படத்துக்காகச் செய்யப்பட்ட வேலை. அதே படத்தின் இன்னொரு பாட்டின் முதல் வரி, முப்பது ஆண்டுகள் கழித்து 2012-இல், ஒரு சொல் சற்றே மாறி வேறொரு படத்துக்குத் தலைப்பாயிற்று: 'நீதானே என் பொன்வசந்தம்'.

இப்படிப்பட்ட படம் அது ஒன்றுதான் என்றால் விட்டுவிடலாம். பாரதிராஜாவின் 'நிழல்கள்' 1980-இல் வந்து தோற்றது; வைரமுத்து பாட்டெழுத வந்தது அந்தப் படத்தில்தான். அதிலிருந்த 'மடை திறந்து' பாட்டை மலேசியத் தமிழர்களான யோகி பி குழுவினர் 2006-இல் ராப் வடிவில் செய்தபோது, மூலப் படத்தைப் பார்த்தே இராத பிள்ளைகள் அதற்கு ஆடினார்கள். 1981-இல் 'ராஜ பார்வை'. கமல்ஹாசனின் நூறாவது படம், வசூலில் பெருத்த ஏமாற்றம். 'அந்தி மழை பொழிகிறது' மட்டும் இன்றுவரை பொழிந்துகொண்டிருக்கிறது. 1982-இல் 'காதல் ஓவியம்'. அந்தப் படத்தின் தோல்வியைப் பற்றித் திரையுலகம் நெடுநாள் பேசிற்று. அதன் பாட்டுகளைப் பற்றி இன்னும் பேசுகிறது. இரண்டே ஆண்டுகளுக்குள் வந்த நான்கு தோல்விப் படங்கள் இவை. இவற்றின் பாட்டுகளை மட்டும் ஒருவர் தம் வாழ்நாள் சாதனையாக விட்டுச் சென்றிருந்தாலும் அவருக்குச் சிலை வைத்திருப்போம்.

படம் பெட்டிக்குள் போன பின்னும் பாட்டு உயிரோடு இருந்ததற்கு ஒரு காரணத்தை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். எண்பதுகளின் கடைசியில் கோவில்பட்டியில், பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. ஆளொருவர் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத்தான் கடை. சுவர் முழுவதும் எல்.பி. இசைத்தட்டுகள், ஒவ்வொன்றின் உறையிலும் மூலையில் எண் எழுதிய சிறு தாள். கண்ணாடி மேசைமீது நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு கிடக்கும். அதில் படத்தின் பெயர், பாட்டின் முதலடி, இசைத்தட்டின் எண் ஆகியவை முத்துமுத்தாக எழுதப்பட்டிருக்கும். என் அக்கா காலி கேசட் ஒன்றையும் பட்டியலையும் கொடுப்பாள். அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறு பாட்டு; ஏழாவதை எழுதினால் கடைக்கார அண்ணன் நிமிர்ந்து பார்க்காமலே, "இது பாதியில கட் ஆயிரும்மா, பரவாயில்லையா?" என்று கேட்பார். அக்காவின் பட்டியலில் பாதிப் படங்களை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. சில படங்கள் எங்கள் ஊருக்கு வரவே இல்லை. ஆனால் அவற்றின் தட்டு சுவரில் இருந்தது. விளிம்பு தேயும் அளவுக்கு அடிக்கடி வெளியே எடுக்கப்பட்டும் இருந்தது. படத்தை மக்கள் தள்ளிவிட்டு, பாட்டை மட்டும் காசு கொடுத்து வீட்டுக்கு எடுத்துச் சென்ற காலம் அது. வெள்ளிக்கிழமை இரவு 'ஒலியும் ஒளியும்' பார்த்துவிட்டு சனிக்கிழமை காலையில் பட்டியலோடு வருகிறவர்களுக்கு அந்தக் கடையில் தனி வரிசையே உண்டு.

எண்பதுகள் என்பது ஒரு தனி மனிதரின் திறமைதானே, அதை எப்படிக் காலத்தின் கணக்கில் எழுதலாம் என்ற எதிர்வாதம் வலுவானது. இளையராஜாவின் நூறாவது படமான 'மூடுபனி' 1980-இல். நானூறாவதான 'நாயகன்' 1987-இல். எல்லா மொழிகளையும் சேர்த்து ஏழு ஆண்டுகளில் முந்நூறு படங்கள். ஒரு மனிதர் சராசரியாக ஆண்டுக்கு நாற்பதுக்கு மேல் படங்களுக்கு இசையமைத்தால், அந்தக் காலத்தின் அடிமட்டம் என்பதே அவருடைய அடிமட்டம்தான். இதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் எழுதித் தராத இசையையும் கேட்டுப் பார்க்க வேண்டும். எல். வைத்தியநாதன் இசையமைத்த 'ஏழாவது மனிதன்' வணிகப் படமே அல்ல. பாரதியார் பாட்டுகளுக்கு அதில் அவர் போட்ட மெட்டுகள்தான் இன்று பள்ளி விழாக்களில் பாடப்படுகின்றன. 'அச்சமில்லை அச்சமில்லை' படத்துக்கு இசையமைத்த வி.எஸ். நரசிம்மன், இளையராஜாவின் குழுவில் வயலின் வாசித்தவர்; அவர் போட்ட 'ஆவாரம்பூவு' பாட்டை இளையராஜாவுடையது என்றே பலர் இன்றும் சத்தியம் செய்வார்கள். டி. ராஜேந்தர் கல்லூரியை விட்டு வந்த சூட்டோடு 'ஒருதலை ராக'த்துக்கு எழுதிய பாட்டுகளை எந்தக் கல்லூரி விடுதி மறந்தது? மனோஜ்–கியான், சந்திரபோஸ், சங்கர்–கணேஷ், கங்கை அமரன் ஆகியோரின் நல்ல பாட்டுகளைத் தொகுத்தாலே பல கேசட்டுகள் நிறையும். அடுத்த வரிசையில் நின்றவர்களும் இந்த உயரத்தில் இருந்ததற்கு ஒரு மனிதரின் மேதைமையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

காரணம் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தது. பிரசாத், ஏவி.எம்., விஜயா கார்டன் போன்ற கூடங்களில் அன்று பாட்டு பதிவானது ஒரே வீச்சில். காலை ஏழு மணிக்கு கால்ஷீட் தொடங்கும். இசையமைப்பாளர் எழுதிய குறிப்புகளை உதவியாளர்கள் வாத்தியம் வாரியாகப் படியெடுத்துக் கலைஞர்களுக்குக் கொடுப்பார்கள். வயலின்காரர்கள் ஒரு பக்கம், தபேலாவும் டிரம்ஸும் தடுப்புக்குப் பின்னே, குரல் அறையில் பாடகர்கள். எல்லாரும் ஒன்றாக வாசிக்க வேண்டும். பாட்டின் கடைசி வரியில் ஒருவர் ஒரு சுரத்தைத் தவறவிட்டாலும் முதலிலிருந்து மறுபடியும் போக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குள் பாட்டு முடிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் வேறு. தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கிறவரும், ஆறாவது டேக்கிலும் குரல் சோராதவரும் மட்டுமே அங்கே நிலைத்தார்கள். அந்தக் கலைஞர்கள் காலையில் ஒரு பெரிய படத்துக்கும் மதியம் பெயர் தெரியாத ஒரு படத்துக்கும் வாசித்தார்கள். நெப்போலியனின் புல்லாங்குழலும் புருஷோத்தமனின் டிரம்ஸும் படத்தின் பட்ஜெட்டைப் பார்த்துத் தரத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. தோல்விப் படத்தின் பாட்டு ஏன் தோற்கவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

குரல்களிலும் அதே நிலைதான். அறுபதுகளில் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் பெரும்பாலும் டி.எம். சௌந்தரராஜன் என்பது எழுதாத சட்டம்; பி.பி. ஸ்ரீனிவாஸின் அந்தப் பஞ்சு போன்ற குரலுக்கு ஜெமினி கணேசன் படங்களே பெரிய புகலிடம். எண்பதுகளிலோ ஜானகி, பாலசுப்ரமணியம், யேசுதாஸ் ஆகிய மூவரைத் தாண்டியும் மலேசியா வாசுதேவன், ஜென்சி, உமா ரமணன், எஸ்.பி. ஷைலஜா, தீபன் சக்கரவர்த்தி, ஜெயச்சந்திரன், வாணி ஜெயராம் என்று குரல்கள் வரிசையாகக் காத்திருந்தன. நட்சத்திரத்துக்கு ஏற்ற குரல் என்பது போய், மெட்டுக்கு ஏற்ற குரல் என்ற நிலை வந்தது.

ஆனால் வரிகள்? இங்கேதான் அறுபதுகளின் கட்சிக்காரரான என் பெரியப்பா கையைத் தூக்குவார். "ஏலே, மெட்டு நல்லாத்தாம்லே இருக்கு. அந்த மெட்டுக்குள்ள என்ன இருக்கு? மானும் தேனும் மயிலும்தானே?" அவர் கேட்பது நியாயம். எண்பதுகளின் பாட்டுகளில் இட்டு நிரப்பிய சொற்களுக்குக் குறைவே இல்லை. 'குணா'வில் ஒரு பாட்டு அந்தப் பழக்கத்தையே கேலி செய்யும் அளவுக்கு அது முற்றிப்போயிருந்தது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-இல் இறந்தபோது அவருக்கு 29 வயது. அந்த வயதுக்குள் அவர் எழுதியவற்றைச் சங்கங்கள் இன்றும் மேடைகளில் பாடுகின்றன. கண்ணதாசனோ ஒரு கதாபாத்திரத்தின் சோகத்துக்கு எழுதிய நாலு வரியைக் கேட்கிறவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுச் சோகத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி எழுதினார். வரிக்கு மட்டும் பரிசு என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். பாட்டு என்பது வரியும் மெட்டும் குரலும் வாத்தியமும் சேர்ந்தது என்பதால்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அறுபதுகளின் உண்மையான பலம் வரியில் மட்டும் இல்லை என்பதையும் பெரியப்பாவுக்காக நானே எடுத்துச் சொல்கிறேன். 1964 தீபாவளிக்கு 'படகோட்டி'யும் 'நவராத்திரி'யும் 'முரடன் முத்து'வும் ஒரே நாளில் வந்தன. முதலாவதற்கு விஸ்வநாதன்–ராமமூர்த்தி, இரண்டாவதற்கு கே.வி. மகாதேவன், மூன்றாவதற்கு டி.ஜி. லிங்கப்பா. மூன்று படங்கள், மூன்று வேறு வேறு இசை மரபுகள். 1991 தீபாவளிக்கு 'தளபதி'யும் 'குணா'வும் ஒரே நாளில் வந்தன. இரண்டுக்கும் இசை இளையராஜா. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருப்பது அவருடைய பெருமை; இரண்டுக்கும் அவரே தேவைப்பட்டது அந்தக் காலத்தின் குறை. ஒரே ஆளை நம்பி ஒரு தொழிலே நிற்பது எவ்வளவு ஆபத்து என்பதை அடுத்த சில ஆண்டுகள் காட்டின.

அது என் தொண்ணூறுகள். ரகுமானின் தோல்விப் படங்களை வைத்துப் பார்த்தால் அவருக்கும் முழு மதிப்பெண் கொடுத்தாக வேண்டும். 'இருவர்' 1997-இல் வசூலில் சரிந்தது. அதன் பாட்டுகளில் ஐம்பதுகளின் வாசனையை ஐம்பதுகளின் நகலாக இல்லாமல் கொண்டுவந்த வித்தையை இன்னொரு முறை அவரே செய்தாரா என்பது ஐயம்தான். 'என் சுவாசக் காற்றே', 'திருடா திருடா' ஆகியவற்றுக்கும் அதே கணக்கு. கார்த்திக் ராஜாவின் 'உல்லாசம்' ஓடாவிட்டாலும் பாட்டு ஓடிற்று. வித்யாசாகர் அமைதியாக நல்ல மெட்டுகளைத் தந்தார். தேவா சென்னைக் கானாவைத் திரையின் நடுவிலேயே கொண்டுவந்து உட்காரவைத்தார். அதற்குரிய மரியாதை அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் ரகுமான் ஆண்டுக்குச் சில படங்களே செய்தார். மீதி எண்பது, தொண்ணூறு படங்களுக்கு அவருடைய டிரம் ஒலியின் சாயல் மட்டுமே போய்ச் சேர்ந்தது. அந்த ஒலியை அவர் தம் வீட்டுக் கூடத்தில் இரவிரவாக உட்கார்ந்து இழைத்து இழைத்துச் செய்தார். மற்றவர்கள் கருவியில் ஏற்கெனவே இருந்ததை அழுத்தினார்கள். நாற்பது பேர் உட்கார்ந்த கூடம் காலியாயிற்று. கீபோர்டு ஒன்று, பாடகர் ஒருவர், அவரும் வேறொரு நாளில் வந்து தனியாகப் பாடிவிட்டுப் போனார். தொண்ணூறுகளின் உச்சம் எண்பதுகளின் உச்சத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. அடிமட்டம் வெகுவாகத் தாழ்ந்திருந்தது. என் பதினாறு வயது இதை ஏற்க மறுக்கிறது என்பதையும் பதிவுசெய்கிறேன்.

2000-க்குப் பிந்தியவற்றை நான் விரைந்து கடப்பதற்கு அலட்சியம் காரணமல்ல. யுவன் சங்கர் ராஜாவும் ஹாரிஸ் ஜெயராஜும் நா. முத்துக்குமாரும் சேர்ந்து எஃப்.எம். வானொலிக் காலத்தைத் தம்முடையதாக்கினார்கள். சந்தோஷ் நாராயணன் 2012-இல் 'அட்டகத்தி'யோடு வந்தபோது புறநகர் வாழ்வின் ஓசை திரைக்குள் வந்தது. ஆனால் ஒரு படத்துக்கு ஆறு பாட்டு என்ற வழக்கமே இப்போது தேய்ந்துவிட்டது. ஓடாத படத்தின் ஐந்தாவது பாட்டு என்ற ஒன்று இல்லாத காலத்தை என் அளவுகோலால் அளக்க முடியாது. அந்தக் காலத்துக்கு அதன் பிள்ளைகள் வேறொரு அளவுகோலைக் கண்டுபிடிக்கட்டும். கவனிக்கத்தக்க ஒன்று மட்டும் உண்டு: 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படத்தின் உச்சக் காட்சியில் 1991-ஆம் ஆண்டின் 'குணா' பாட்டு ஒலித்தபோது, திரையரங்கில் ஆர்ப்பரித்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பாட்டு பதிவானபோது பிறந்தே இருக்கவில்லை.

இனி என் தீர்ப்பு. என் பத்தாண்டு 1977-இல் தொடங்கி 1986-இல் முடிகிறது. தொடக்கத்தில் '16 வயதினிலே'யும், பாலமுரளிகிருஷ்ணாவைப் பாடவைத்த 'கவிக்குயி'லும். முடிவில் 'மௌன ராக'மும் 'புன்னகை மன்ன'னும். 1986-ஐ எல்லையாக வைத்தது வசதிக்காக அல்ல. இளையராஜாவும் வைரமுத்துவும் பிரிந்தது அந்தக் காலத்தில்தான். 'புன்னகை மன்ன'னுக்குப் பிறகு அந்தக் கூட்டணி இல்லை. அதே படத்தில்தான், பதிந்து வைத்த சுரங்களைத் தானாகவே வாசிக்கும் சீக்வென்சர் என்னும் கருவி இசைக்கூடத்துக்குள் வந்தது. வரிக்கும் வாத்தியக் குழுவுக்கும் ஒரே நேரத்தில் ஏதோ ஒன்று முடியத் தொடங்கியது. அதற்குப் பின்னும் 'நாயகன்', 'அக்னி நட்சத்திரம்', 'தேவர் மகன்' எல்லாம் வந்தன என்பது தெரியும். அவை உச்சங்கள். நான் பேசிக்கொண்டிருப்பது அடிமட்டத்தைப் பற்றி.

பெரியப்பா இதைக் கேட்டுவிட்டு நான் எதிர்பார்த்த இடத்தில் அடிக்கவில்லை. "நீ மட்டும் 77-ல ஆரம்பிப்ப, நான் 56-ல ஆரம்பிக்கக் கூடாதோ?" என்றார். 1956 முதல் 1965 வரை. சலுகையை நானே கொடுத்திருந்ததால் மறுக்க வழியில்லை. அந்தப் பத்தாண்டில் பட்டுக்கோட்டையார் ஏறத்தாழ முழுவதுமாக இருக்கிறார். 1963-இல் மறைந்த ஜி. ராமநாதனின் 'உத்தம புத்திர'னும் 'கப்பலோட்டிய தமிழ'னும் இருக்கின்றன, ஏ.எம். ராஜாவின் 'கல்யாணப் பரிசு' இருக்கிறது. மகாதேவனின் 'திருவிளையாடல்' இருக்கிறது. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965-இல் பிரியும்வரை சேர்ந்து செய்தவற்றில் பெரும்பகுதி இருக்கிறது. நானே எழுதிய விதியால் என் எதிரியின் படை இரட்டிப்பாகிவிட்டது. போதாக்குறைக்கு, எண்பதுகளின் கூடத்தில் வாசித்த மூத்த கலைஞர்களில் பலர் விஸ்வநாதனிடம் வாசித்துத் தேறியவர்கள் என்பதையும், இளையராஜா உதவியாளராக இருந்த ஜி.கே. வெங்கடேஷே விஸ்வநாதனின் வட்டத்திலிருந்து வந்தவர் என்பதையும் எடுத்துச் சொன்னார்.

என்னிடம் மிச்சமிருந்தது ஓடாத படங்கள் மட்டும்தான். உங்கள் பத்தாண்டில் தோற்ற படங்களைச் சொல்லுங்கள் பெரியப்பா, கேட்டுப் பார்க்கலாம் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. கட்டபொம்மன் படத்தோடு மோதி 1959-இல் அடிபட்ட 'சிவகங்கைச் சீமை', கண்ணதாசனைக் கடனில் தள்ளிய 'கவலை இல்லாத மனிதன்' என்று தொடங்கினார். முதலாவதில் 'கன்னங்கருத்த கிளி'. இரண்டாவதில் சந்திரபாபு பாடிய 'பிறக்கும்போதும் அழுகின்றாய்'. இரண்டையும் அன்றிரவே கேட்டேன். அவர் ஒரு நோட்டுத் தாளில் எழுதித் தந்த பட்டியலில் இன்னும் பல படங்கள் இருக்கின்றன. சிலவற்றின் பாட்டு யூடியூபிலும் அகப்படவில்லை, இசைத்தட்டு சேகரிப்பவர் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவை வந்து சேரும்வரை 1977–86 முன்னணியில் இருக்கிறது.